விளையாட்டு எப்போது சூதாகிறது?

 

போன வருடம் ஒரு தாய் நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்தார். மகள் நிக்காஹ்வுக்காகச் சேர்த்த வளையல் அடகில் இருக்கிறது, மீட்க உதவுங்கள் என்றார். அடகு வைத்தது மகன். அவனைக் கூப்பிட்டு எங்கே ஆரம்பித்தது என்று கேட்டேன். "ஞாயிற்றுக்கிழமை பெட் மேட்ச்தான் மாமா, தலைக்கு ஐம்பது ரூபாய்" என்றான். மைதானத்தில் தொடங்கியது, பிறகு செல்போனுக்குப் போயிருக்கிறது.

இதே பாதையில் வெகுதூரம் போன ஒரு தமிழரின் கதை உலகத்துக்கே தெரியும். சிங்கப்பூரைச் சேர்ந்த வில்சன் ராஜ் பெருமாள், 1965-இல் பிறந்தவர். இளம் வயதில் உள்ளூர் கால்பந்துப் பந்தயத்தில் இறங்கினார். பிறகு வீரர்களுக்குப் பணம் கொடுத்து ஆட்டத்தின் முடிவை முன்கூட்டியே தீர்மானிக்கும் கும்பலில் முக்கிய ஆளானார். 2010 செப்டம்பரில் பஹ்ரைனுக்கு எதிராக டோகோ நாட்டு அணி என்று ஒரு போலி அணியே களமிறங்கியது. அதன் பின்னாலும் அவர் கை இருந்தது. 2011-இல் ஃபின்லாந்தில் போலி பாஸ்போர்ட்டுடன் பிடிபட்டார். அங்குள்ள கிளப் வீரர்களுக்கு லஞ்சம் கொடுத்த வழக்கில் இரண்டு வருடச் சிறை. 2013-இல் யூரோபோல், உலகம் முழுவதும் 680 ஆட்டங்கள் சந்தேகத்துக்குரியவை என்று அறிவித்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முடிவைத் தானே எழுதி வைத்து சம்பாதித்த அந்த மனிதரும், அந்தப் பணத்தைத் தன் கைக்குள் இல்லாத ஆட்டங்களில் கட்டித் தோற்றார். ஆட்டத்தையே விலைக்கு வாங்கியவரிடம் தங்காத பணம், செல்போனைப் பார்த்துப் பணம் கட்டும் நம் பிள்ளையிடம் தங்குமா?

அல்லாஹு தஆலா அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91-ஆம் வசனங்களில் சூதாட்டத்தை மதுவோடு சேர்த்தே விலக்குகிறான். சூதின் மூலம் ஷைத்தான் மனிதர்களிடையே பகையை மூட்டுகிறான், தொழுகையை விட்டும் தடுக்கிறான் என்று காரணமும் சொல்கிறான். வளையல் போன வீட்டில் அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வதில்லை. அந்தப் பையனை ஜும்ஆவில் பார்த்தும் பல வாரமாகியிருந்தது.

அப்படியானால் விளையாட்டே கூடாதா? அப்படி இல்லை. உடலுக்கு வலு தரும் விளையாட்டு நல்லது. எல்லை எது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்:

1. இரண்டு அணியும் பணம் போட்டு, ஜெயித்தவர் அள்ளிக்கொண்டால் அது சூது. தொகை ஐம்பது ரூபாயானாலும் சரிதான்.

2. நுழைவுக் கட்டணம் மைதான வாடகைக்கும் பந்துக்கும் செலவானால் தவறில்லை. அதிலிருந்தே பரிசுப் பணம் எடுத்தால் அதுவும் சூதாகிவிடும்.

3. விளையாடாத ஒருவர் தன் கையிலிருந்து கோப்பையோ பரிசோ கொடுக்கலாம்.

உங்கள் போட்டி எந்த வகை என்று சந்தேகம் வந்தால் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

சட்டமும் இப்போது கடுமையாகியிருக்கிறது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை, திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல், 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்கிறது. நடத்துகிறவருக்கு மூன்று வருடம் வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். இன்னமும் ஒளிந்து நடக்கும் செயலிகளில் பணம் போனால் யாரிடம் போய்க் கேட்பது?

பெற்றோரே, பிள்ளை சிக்கியிருந்தால் முதலில் அடிக்காதீர்கள். கடனை மறைக்க அவன் இன்னொரு கடன் வாங்குவான். மொத்தம் எவ்வளவு, யாரிடம் என்று ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். அவன் கைக்குப் பணம் தராமல் கடன்காரருக்கு நீங்களே நேரில் கட்டுங்கள். மனம் தவித்தால் 14416 என்ற டெலிமானஸ் இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். நம் அலுவலகத்துக்கும் வரலாம், பேசியது வெளியே போகாது.

அந்த வளையல் இன்னும் முழுதாக மீளவில்லை. பையன் வேலைக்குப் போய் மாதாமாதம் கட்டி வருகிறான். தவ்பாவின் வாசல் திறந்தேதான் இருக்கிறது. அல்லாஹ் நம் பிள்ளைகளின் ரிஸ்கை ஹலாலாக்கி, அதில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.