மலைக்கு வரும் பிள்ளைகளுக்கு

அம்பாசமுத்திரத்தில் ரயிலை விட்டு இறங்கியதும் மேற்கே பொதிகை தெரியும். முதுகுப் பையோடு வரும் இளவட்டங்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, “அகத்தியர் மலைக்கு எப்படிப் போறது அண்ணாச்சி?” என்பதுதான். அதற்குப் பதில் ஐந்தாவதில் சொல்லியிருக்கிறேன். முதல் நான்கையும் படித்துவிட்டு அங்கே வாருங்கள்.

1. முதல் நாள் மலைப் பக்கம் போகாதீர்கள், வயல் பக்கம் போங்கள். மன்னார்கோயில், பிரம்மதேசம், திருவாலீசுவரம் மூன்றும் ஊரைச் சுற்றியே இருக்கின்றன. விடியக் கிளம்பினால் நடை சாத்துமுன் நடந்தே பார்த்துவிடலாம். வாய்க்கால் கரை, நெல்வயல், தென்னந்தோப்பு என்று சமதரையில்தான் பாதை. புதுச் செருப்பு எங்கே கடிக்கிறது, தண்ணீர் எவ்வளவு குடிக்கிறீர்கள், கூட வந்தவன் எத்தனையாவது மைலில் முகம் சுளிக்கிறான் என்பதெல்லாம் இங்கேயே தெரிந்துவிடும். இதைக் காட்டுக்குள் போய்த் தெரிந்துகொள்வது ஆபத்து.

2. கோயிலுக்குப் போனால் கோபுரத்தை அண்ணாந்து பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். குனிந்து அடித்தளமான அதிட்டானத்தைப் பாருங்கள். திருவாலீசுவரத்தில் விமானத்துச் சிற்பங்கள் அத்தனை அழகு, ஆனால் நான் பிள்ளைகளை முதலில் உட்கார வைப்பது கீழே கல்வெட்டுக்கு எதிரில்தான். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது எழுத்து புடைத்து நிற்கும். உச்சி வெயிலில் அதே கல் வெறுங்கல்லாகத் தெரியும். புள்ளி வைக்காத எழுத்து என்பதால் முதலில் மிரட்டும். ‘ஸ்வஸ்திஸ்ரீ’ எங்கே இருக்கிறது என்று மட்டும் தேடுங்கள். அது கிடைத்தால் தொடக்கம் கிடைத்தது. சோழர்களின் மூன்றுகை மகாசேனை என்ற படை, தன் வெற்றிகளை வரிசையாகச் சொல்லி, இந்தக் கோயிலைத் தன் காவலில் ஏற்றுக்கொண்டதைப் பொறித்துவைத்தது இங்கேதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அம்பாசமுத்திரத்தில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டு வரகுண பாண்டியன் கல்வெட்டு வட்டெழுத்தில் இருக்கிறது. ராஜராஜன் பாண்டிய நாட்டைப் பிடித்த பிறகு இந்தப் பக்கத்துக் கல்வெட்டுகளில் வட்டெழுத்து மெல்ல ஒதுங்கி, சோழ நாட்டுத் தமிழ் எழுத்து வந்து உட்கார்ந்தது. ஆட்சி மாறியது எழுத்திலேயே தெரிகிறது. மன்னார்கோயிலோ பாண்டிய மண்ணில் சேர மன்னன் ராஜசிம்மன் சோழன் பெயரால் எடுப்பித்த ராஜேந்திர சோழ விண்ணகரம். மூவேந்தரும் ஒரே மதில் சுவருக்குள் சந்திக்கிற இடம் வேறு எத்தனை இருக்கும்? தயவுசெய்து எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று சாக்பீஸ் தேய்க்காதீர்கள். எண்ணெய், மஞ்சள் எதுவும் தடவாதீர்கள். தோப்பிலோ வரப்பிலோ எழுத்துள்ள கல் கிடந்தால் புரட்டாமல் படம் எடுத்துத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.

3. மேலே மழையா என்று கேட்காமல் ஆற்றில் கால் வைக்காதீர்கள். பாபநாசத்தில் வெயில் சுள்ளென்று அடிக்கும், மலைமேல் நாலுமுக்கிலும் ஊத்திலும் வானம் கொட்டிக்கொண்டிருக்கும். 1992 நவம்பரில் காக்காச்சியில் ஒரே நாளில் 965 மி.மீ. மழை பெய்தது. அந்த மலையின் அடிவாரத்தில்தான் நீங்கள் குளிக்க இறங்குகிறீர்கள். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி என்ற முழு அளவோடு அன்றைய அணை மட்டமும் தினமும் பேப்பரில் வருகிறது. எங்கள் ஊர் விவசாயி டீக்கடையில் முதலில் பார்க்கும் செய்தி அதுதான், நீங்களும் பாருங்கள். அணை நிறைந்து நிற்கிற நாளில் எந்த நேரமும் மதகு திறக்கலாம். ஆற்றில் நிற்கும்போது தெளிந்த தண்ணீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் தடித்தாலோ துணிமணியை எடுக்க நிற்காமல் கரையேறுங்கள்.

4. காரையாறு போகும் வழியில் சொரிமுத்து அய்யனார் கோயிலில் இறங்குங்கள். அங்கே பட்டவராயனுக்குச் செருப்பு காணிக்கை வைப்பார்கள். பிராமணனாகப் பிறந்து, செருப்புத் தைக்கும் குலத்தில் பிறந்த பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்து, மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டு உயிர்விட்ட முத்துப்பட்டன்தான் அந்தப் பட்டவராயன். அவன் கதையை வில்லுப்பாட்டில் விடிய விடியக் கேட்டு வளர்ந்த ஊர் இது. காணிக்கைச் செருப்பு தானாகத் தேய்கிறது, பட்டவராயன் அதைப் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றிவருகிறான் என்பது நம்பிக்கை. மலைக்குள் போகிறவர்கள் ஒரு நிமிடம் அந்தச் செருப்புகளுக்கு முன்னால் நின்றுவிட்டுப் போங்கள்.

ஆடி அமாவாசைக்கு இந்தக் கோயிலில் குடில் போட்டுத் தங்கப் பெருங்கூட்டம் வரும். அந்த நாட்களில் நடைப்பயணம் வேண்டாம். எப்போது வந்தாலும் தலைமுழுகிய துணியைத் தாமிரபரணியில் விடாதீர்கள். ஊறி, மணலில் புதைந்து, பாறை இடுக்கில் சுற்றிக்கொண்ட துணியை ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுப்பவர்களைப் பக்கத்தில் நின்று பார்த்தால் பிறகு யாருக்கும் கை வராது.

5. அகத்தியர் மலை. 1,868 மீட்டர். காரையாற்றிலிருந்து பாணதீர்த்தம், இஞ்சிக்குழி, கன்னிகட்டி வழியாகப் பூங்குளம் போய் ஏறும் பழைய பாதையைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நம் பக்கத்தில் அந்தப் பாதை பொதுமக்களுக்கு இல்லை. கேரளப் பக்கம் போனக்காட்டிலிருந்து, ஆண்டுத் தொடக்கத்தில் சில வாரங்கள், வனத்துறையிடம் பதிவு செய்து போகலாம். “ஆள் பிடித்தால் கூட்டிப் போவார்களாமே” என்று யாராவது காதில் ஓதினால் கேட்காதீர்கள். பிடிபடுவது உங்களோடு முடியாது, வழிகாட்டிய ஏழையின் பிழைப்பும் போய்விடும். ஆறு பிறக்கிற சோலையில் மனிதக் காலடி இல்லாமல் இருப்பது நமக்குத்தான் நல்லது. ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் வயலுக்குப் போகிற தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது.

நடக்க வேறு வழி இல்லாமல் இல்லை. 2024-இல் அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் காரையாறு–மூலக்கசம் பாதை இருக்கிறது. பதிவு செய்து, வழிகாட்டியோடு போங்கள். கோடையில் காட்டுத்தீக் காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் எத்தனை இளம் உயிர்கள் வெந்துபோயின என்பதை நினைத்தால் யாரும் முணுமுணுக்க மாட்டோம்.

6. வழிகாட்டியாக வருகிறவர் இந்த மலையின் பழங்குடியான காணிக்காரராக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். மைலாறும் இஞ்சிக்குழியும் சேர்வலாறும் அவர்கள் குடியிருப்புகள். வயதில் மூத்தவரென்றால் ‘அண்ணாச்சி’ என்றே கூப்பிடுங்கள். அவர் நின்றால் நில்லுங்கள், ஏன் என்று பிறகு கேட்கலாம். “இது எதுக்கு மருந்து?” என்று செடிக்குச் செடி துளைக்காதீர்கள். சொல்ல விரும்பியதை அவரே சொல்வார். குடியிருப்புக்குள் கேட்காமல் நுழையாதீர்கள், பிள்ளைகளைப் படம் எடுக்காதீர்கள்.

7. விலங்கு. முண்டந்துறை 1962-இலும் களக்காடு 1976-இலும் சரணாலயமாகி, 1988-இல் இரண்டும் சேர்ந்து தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாயின. ஆனாலும் புலியைப் பார்த்தே தீருவேன் என்று வருகிறவர் ஏமாந்துதான் திரும்புவார். கண்ணில் படுகிறதைப் பார்க்கப் பழகுங்கள். கருமந்தி இருக்கும், மலையணில் இருக்கும். உயரத்தில் சோலைமந்தியும் இருவாச்சியும் வாய்த்தால் பாக்கியம்.

தரையைப் பார்த்து நடப்பதுதான் முக்கியம். யானை லத்தி கிடந்தால் தாண்டிப் போய்விடாமல் குந்தி உட்கார்ந்து குச்சியால் கிளறுங்கள். ஈரப் பளபளப்போடு ஈ மொய்த்துக் கிடந்தால் யானை பக்கத்திலேயே நிற்கிறது, சத்தமில்லாமல் வந்த வழியே திரும்புங்கள். வண்டு கலைத்துப் போட்டு, மூங்கில் நார் வெளுத்துத் தெரிந்தால் அது போய் நாளாகிவிட்டது. மிளா ஒன்று ‘டொங்’கென்று கத்தி, மரத்து மந்தியும் குரல் கொடுத்தால் சிறுத்தையோ புலியோ நடமாடுகிறது என்று பொருள்.

எனக்கு யானையைவிடக் கரடிதான் பயம். பழக் காலத்தில் அடிவாரத்து ஊர்த் தோட்டங்களுக்கே இறங்கிவிடும். கண் மந்தம், மூக்குதான் கூர்மை. எதிர்பாராமல் கிட்டத்தில் மனிதனைக் கண்டால் மிரண்டு பாய்ந்துவிடும். அதனால் திறந்த காட்டில் வாயை மூடி நடங்கள், புதரடர்ந்த வளைவு வந்தால் தொண்டையைச் செருமிப் பேசிக்கொண்டே போங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் போலத் தெரியும். நடந்து பார்த்தால் எங்கே எது என்று பிடிபடும்.

8. அட்டை கடித்தால் பிடித்து இழுக்காமல் வாய்ப் பக்கம் நகத்தை விட்டு நெருடித் தள்ளுங்கள். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, பயப்பட ஒன்றுமில்லை. பாம்பு கடித்தால் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசையவிடாமல் அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனைக்குத் தூக்கிவாருங்கள்.

9. குரங்குக்குத் தின்பண்டம் போடாதீர்கள்.

10. மாஞ்சோலைக்கு அனுமதி கிடைத்துப் போனால் குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட மலை அது. தேயிலையை நட்டு, பறித்து, அங்கேயே பிள்ளை பெற்று வளர்த்த குடும்பங்கள், தோட்டம் மூடப்படும் என்ற நிலை 2024-இல் வந்தபோது போக்கிடம் தேடித் தவித்தன. காடு மீள வேண்டும் என்று நானும் விரும்புகிறேன். அதற்காக அந்த மக்களின் துயரத்தைக் கடந்துபோக என்னால் முடியவில்லை. பூட்டிக் கிடக்கும் தொழிலாளர் லயன் வீட்டைப் பாழடைந்த பழங்கட்டடம் மாதிரி நினைத்து, வாசலில் சாய்ந்து நின்று படம் எடுப்பதைப் பார்க்கும்போது மனசு கொதிக்கிறது. திருவாலீசுவரத்துக் கல்லைக் கட்டியவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. இந்த வீட்டில் அடுப்பு மூட்டியவர்கள் கீழே விக்கிரமசிங்கபுரத்திலும் மணிமுத்தாற்றிலும் இன்னும் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். டீக்கடையில் உட்கார்ந்து அவர்களிடம் கேளுங்கள்.

11. திரும்பி வந்த அன்றே பார்த்ததை எழுதிவையுங்கள்: இடம், நேரம், என்ன பறவை, என்ன தடம். எழுதப் பழகிய பிறகு ஜனவரியில் தாமிரபரணிப் படுகைக் குளங்களில் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்குப் பெயர் கொடுங்கள். பைனாகுலர் இல்லையே என்று தயங்க வேண்டாம். கரையில் நின்று எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளவும் ஆள் தேவைப்படும். விடியுமுன் குளத்தங்கரையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.