பனிக்காலத் தோட்டமும் மதீனத்து மூதாட்டியின் கீரையும்



மதீனாவில் ஒரு மூதாட்டி இருந்தார். அவர் பெயர் அறிவிப்பில் இல்லை. தம் நிலத்தில் ஓடிய சிறு வாய்க்கால்களின் ஓரத்தில் ‘ஸில்க்’ என்ற கீரையை நட்டு வளர்த்தார். வெள்ளிக்கிழமையானால் அதை வேரோடு பிடுங்கிச் சட்டியில் போட்டு, ஒரு கைப்பிடி வாற்கோதுமை மாவும் சேர்த்து வேகவைப்பார். ஜும்ஆ முடிந்து வரும் நபித்தோழர்கள் அவர் வீட்டுக்குப் போய் ஸலாம் சொல்வார்கள். அவர் அந்த உணவை எடுத்து வைப்பார். அவர்களும் வழித்துச் சாப்பிடுவார்கள். அதற்காகவே வெள்ளிக்கிழமையை ஆசையோடு எதிர்பார்த்ததாக ஸஹ்ல் இப்னு ஸஃத் (ரலி) அவர்கள் நினைவுகூர்ந்த செய்தியை இமாம் புகாரி (ரஹ்) தம் ஸஹீஹில் பதிவு செய்திருக்கிறார்கள். அதில் கொழுப்புகூட இருக்காது என்றும் ஓர் அறிவிப்பில் வருகிறது.

மதரஸாவில் ஓதிய நாளில் இந்த ஹதீஸிலிருந்து ஜும்ஆ சம்பந்தமான சட்டத்தை மட்டும் குறித்துக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். அந்தக் கீரை என் மனதில் பட்டது சென்ற ஆண்டு கார்த்திகையில்தான்.

ட்ரஸ்ட் மூலம் மாதாமாதம் பொருள் பெறும் வீடுகளில் ஒன்று அது. கணவர் மவுத்தாகி, அந்தச் சகோதரிக்கு இத்தா முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மூட்டையை இறக்கி வைத்தபோது, “அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் வருது அண்ணே, அல்ஹம்துலில்லாஹ். காய்தான்…” என்று ஆரம்பித்துப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். மழைக்காலத்தில் தக்காளியும் கீரையும் விற்ற விலை நமக்கெல்லாம் தெரியும். அதைக் கேட்பதற்கு அவருக்குக் கூச்சம். அந்த வீட்டுக் கொல்லையைப் பார்த்தேன். பத்துக்குப் பத்தடி இடம், மழையில் முளைத்த களை இடுப்பளவு நின்றது. “மழை விடட்டும், பனி போகட்டும், பிறகு ஏதாவது போடலாம்னு இருக்கேன்” என்றார்.

நம்மில் பெரும்பாலோர் சொல்வதும் அதுதான். ஆனால் பனி போகும்வரை காத்திருந்தால் நல்ல பருவம் கையைவிட்டுப் போய்விடும்.

பனி யாருக்கு உதவி?

பள்ளிவாசல் சுவரில் உள்ள தொழுகை நேர அட்டவணையைப் பாருங்கள். டிசம்பரில் மஃரிப் ஆறு மணிக்கு முன்பே வந்துவிடுகிறது. டிசம்பர் 21, 22 தேதிகளில் நம் பகுதியில் பகல் பொழுது சுமார் பதினொன்றரை மணி நேரம்தான். ஜூன் மாதத்தில் அது பன்னிரண்டே முக்கால் மணி நேரத்தை எட்டுகிறது. இந்த ஒன்றேகால் மணி நேர வித்தியாசம் நமக்குப் பெரிதாகத் தெரியாது, செடிக்குத் தெரியும். ஆடியில் போட்ட கொடி அவரை ஐந்து மாதம் இலையும் கொடியுமாகப் படர்ந்துவிட்டு, பகல் சுருங்கிய பிறகுதான் பூ எடுக்கிறது. “அவரை காய்க்கவே மாட்டேங்குது” என்று ஐப்பசியிலேயே வெட்டிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். புடலை, பீர்க்கு, சுரை போன்ற கொடிகளிலும் பகல் குறைந்து குளிர்ச்சி கூடும்போது பெண் பூக்கள் அதிகம் வரும்.

தக்காளிக்கு இரவின் குளிர்ச்சி முக்கியம். கோடையில் இரவும் புழுங்கும்போது பூ பிஞ்சாகாமல் உதிரும். மார்கழி, தை இரவுகளில் வெப்பம் 20 டிகிரி அளவுக்கு இறங்கும்போது பிஞ்சு நன்றாகப் பிடிக்கும். கொத்தமல்லியும் அப்படித்தான். சித்திரை வெயிலில் நாலு இலை விட்டதும் பூவுக்குப் போய்விடும். இப்போது போட்டால் நின்று தழைக்கும். முள்ளங்கி, வெந்தயக்கீரை, பீட்ரூட், கேரட் எல்லாம் சமவெளியில் நமக்குக் கிடைக்கும் இந்த மூன்று மாதக் குளிரில்தான் ஒழுங்காக வரும்.

மதீனத்து மூதாட்டியின் ஸில்க் கீரையும் நம் பீட்ரூட்டும் ஒரே இனம்தான். தாவர நூலார் இரண்டையும் பீட்டா வல்காரிஸ் என்ற ஒரே பெயரில் அழைக்கிறார்கள். இலைக்காக வளர்த்தது ஸில்க், கிழங்குக்காக வளர்த்தது பீட்ரூட். நாமோ கடையில் வாங்கும்போது இலையைத் திருகிக் குப்பையில் போட்டுவிட்டு வருகிறோம். பருப்போடு சேர்த்துக் கடைந்தாலும், பொரியல் செய்தாலும் அது நல்ல கீரை. வீட்டில் ஒரு முறை செய்து பாருங்கள்.

நான் செய்த தவறு

அந்த வீட்டுக்கு மறுநாளே மண்வெட்டியும் விதையும் எடுத்துக்கொண்டு இரண்டு இளைஞர்களோடு போனேன். முதல் நாள் இரவு மழை பெய்திருந்தது. கரிசல் மண் காலில் அப்பியது. அப்படியே மிதித்து, கொத்தி, பாத்தி கட்டி, விதையைத் தூவிவிட்டுப் பெருமையோடு திரும்பினோம். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் மேல்மண் காய்ந்து ஓடு மாதிரி இறுகியிருந்தது. உள்ளே விதை அழுகியிருந்தது. முளைத்த சிலதும் தண்டு கருகிச் சாய்ந்து கிடந்தது. நல்ல எண்ணத்தோடு செய்தாலும் மண்ணின் முறை தெரியாமல் செய்தால் இப்படித்தான் ஆகும்.

பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கும் வேப்பந்தட்டைப் பக்கமும், குன்னம் பக்கமும் கரிசல் அதிகம். இந்த மண்ணை ஈரமாக இருக்கும்போது மிதிக்கக் கூடாது. ஒரு பிடி எடுத்து உருட்டினால் களிமண் உருண்டையாக நின்றால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். விரலால் தட்டியதும் உதிர்ந்தால் வேலை செய்யலாம். பாத்தியைத் தரையிலிருந்து முக்கால் அடியாவது உயர்த்தி, மட்கிய தொழுஉரமும், கிடைத்தால் கொஞ்சம் மணலும் கலக்க வேண்டும். தண்ணீர் வடிய ஓரத்தில் சிறு வாய்க்கால் விட வேண்டும்.

ஜெயங்கொண்டம் பக்கத்துச் செம்மண்ணில் நிலைமை நேர் எதிர். தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும், பனிக்காலமானாலும் ஊற்ற வேண்டியிருக்கும். அங்கே பாத்தியைப் பள்ளமாக வைத்து, காய்ந்த இலை, சருகு போட்டு மூடாக்கு இடுங்கள். அரியலூர்ச் சுண்ணாம்புப் பகுதியில் இன்னொரு சிக்கல் உண்டு. இளம் இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மண்ணில் சுண்ணாம்பு மிகுந்தால் இரும்புச் சத்து இருந்தும் செடியால் எடுக்க முடியாது. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி உப்பும் சில சொட்டு எலுமிச்சைச் சாறும் கலந்து, வெயில் ஏறுமுன் இலையில் தெளித்தால் பச்சை திரும்பும். தொடர்ந்து மட்கு உரம் போட்டு வருவதுதான் நிலையான வைத்தியம்.

பஜ்ருக்குப் பின் அரை மணி நேரம்

பனிக்காலத் தோட்டத்துக்குப் பெரிய உழைப்பு எதுவும் வேண்டாம், தினமும் ஒரு சுற்று வந்தால் போதும். பஜ்ர் தொழுதுவிட்டுப் படுக்கைக்குத் திரும்பாமல் கொல்லைக்குப் போங்கள். அவரையின் கொழுந்தைத் திருப்பிப் பாருங்கள். கறுப்பாக எள் தூவியது போல அசுவினி ஒட்டியிருக்கும். பனிக்காலத்தில் இதுதான் முதல் எதிரி. கொஞ்சமாக இருந்தால் விரலால் நசுக்கிவிடலாம், அல்லது தண்ணீரை வேகமாக அடித்து விழச் செய்யலாம். பனி ஈரம் இருக்கும்போதே சலித்த விறகுச் சாம்பலைத் தூவினால் ஒட்டிக்கொள்ளும். அதிகமானால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்க வேண்டும். சிவப்பில் கறுப்புப் புள்ளியோடு பொறிவண்டு இருந்தால் அதை விரட்டாதீர்கள். அசுவினியைத் தின்பதே அதன் வேலை.

வெண்டை இலையிலும் கொடி இலைகளிலும் வெள்ளை மாவு படிந்தால் அது சாம்பல் நோய். அந்த இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள். தண்ணீரைக் காலையில், வேரில் ஊற்றுங்கள். மாலையில் இலைமேல் ஊற்றினால் இரவு முழுதும் ஈரம் நின்று அழுகலுக்கு வழி செய்யும். கோடையில் ஊற்றும் அளவுக்குப் பாதி போதும். பனிக்காலத்தில் செடி காய்ந்து சாவதைவிடத் தண்ணீர் கூடிச் சாவதே அதிகம்.

தண்ணீர் பற்றி ஒரு மசாயில் அடிக்கடி கேட்கப்படுகிறது. ஒளூச் செய்த தண்ணீர் சுத்தமானதுதான். அதைக் கொண்டு மீண்டும் ஒளூச் செய்ய முடியாதே தவிர, செடிக்கு ஊற்றத் தடையில்லை. நபி (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ அளவுத் தண்ணீரில், அதாவது இரு கை சேர்த்து அள்ளும் அளவில், ஒளூச் செய்ததாக ஹதீஸ்களில் வருகிறது. நாம் குழாயைத் திறந்துவிட்டுச் செலவழிப்பது அதைப் போலப் பல மடங்கு. முதலில் குறைப்போம், வீணாகும் மீதியைப் பாத்திக்குத் திருப்புவோம். சாணத்தைத் தொட்டால் ஒளூ முறியாது. கையைக் கழுவிக்கொண்டால் போதும், தொழுகைக்கான உடையில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டுக் கொல்லையில் விளையும் காய்க்கு உஷ்ர் கடமையில்லை. ஆனால் அதிலிருந்து மனிதரோ, பறவையோ, கால்நடையோ தின்றது நட்டவருக்கு ஸதகாவாகும் என்று அனஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. எனவே கிளி கொத்திய தக்காளியைப் பார்த்து அதிகம் வருந்த வேண்டாம். (குரங்கு வந்து போன மறுநாள் இதைச் சொல்வது கஷ்டம்தான்.)

சகோதரிகளிடம் தனியாக ஒரு வார்த்தை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தச் சோகை. நம் வீடுகள் இதற்கு விலக்கல்ல. சுவர் ஓரத்தில் ஒரு முருங்கை, பாத்தியில் அரைக்கீரை இருந்தால் வாரம் மூன்று நாள் கீரைக்குச் செலவில்லை. கீரை சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொண்டால் இரும்புச் சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது தடைபடும். அந்த டீயை ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள்.

வரும் ரமலானும் வெள்ளிக்கிழமைக் கூடையும்

பிறையைப் பொறுத்து, 2026ஆம் ஆண்டின் ரமலான் பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் ஆரம்பம். நோன்புக் கஞ்சிக்கு மல்லியும் புதினாவும் தக்காளியும் தினமும் வேண்டும். கொத்தமல்லி அறுவடைக்கு நாற்பது, நாற்பத்தைந்து நாள் ஆகும். எனவே ஜனவரி முதல் வாரத்தில் ஒரு பாத்தி, பத்து நாள் கழித்து இன்னொரு பாத்தி என்று விதையுங்கள். தனியாவை லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்துப் போட வேண்டும். கடையில் வாங்கிய புதினாவின் தண்டை வீசாமல் இப்போதே ஈரமான இடத்தில் ஊன்றிவிடலாம். பீட்ரூட்டை டிசம்பர் நடுவிலேயே போட்டுவிட வேண்டும். அதன் ஒரு விதை என்பது பல விதைகளின் கொத்து. நெருக்கமாக முளைத்ததைக் கலைத்து, கலைத்த நாற்றைக் கீரையாகச் சமைக்கலாம். சந்தேகம் இருந்தால் பெரம்பலூர் மாவட்டத்தார் வாலிகண்டபுரத்திலும், அரியலூர் மாவட்டத்தார் சோழமாதேவியிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களை அணுகலாம். கிசான் அழைப்பு மையத்தின் இலவச எண் 1800-180-1551, தமிழிலேயே பேசலாம்.

முதலில் சொன்ன அந்தச் சகோதரிக்கு வருவோம். எங்கள் பாத்தி பாழான பிறகு, அவரே மண் காய்ந்ததும் மேடு கட்டிச் சிறுகீரையும் முள்ளங்கியும் தக்காளியும் போட்டார். தை மாதம் ஒரு நாள் நான்கு கட்டுக் கீரையோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். “இதை நம்ம லிஸ்ட்ல இருக்கிற வேற ரெண்டு வீட்டுக்குக் குடுங்க அண்ணே. என் பேரு சொல்ல வேணாம்” என்றார். ஜாபிர் (ரலி) அவர்களின் சிறிய தாயார் தலாக் ஆகி இத்தாவில் இருந்தபோது, தம் பேரீச்சங்குலையை வெட்டப் புறப்பட்டார்கள். ஒருவர் கண்டித்தார். நபி (ஸல்) அவர்களோ போய் வெட்டச் சொன்னார்கள், அதிலிருந்து நீ தர்மம் செய்யவும் கூடுமே என்றும் காரணம் காட்டினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி இது. ஆதரவில்லாத பெண்ணைக் கொடுப்பவளாகவும் பார்த்த பார்வை அது. எங்கள் பட்டியலில் அவர் பெயர் இன்றுவரை வாங்குவோர் பக்கத்தில் மட்டுமே இருக்கிறது. அதைத் திருத்த வேண்டும்.

இம்மாதம் பொருள் மூட்டையோடு கொத்தமல்லி, சிறுகீரை, முள்ளங்கி, தக்காளி, பீட்ரூட் விதைகள் வருகின்றன. பட்டியலில் இல்லாத வீடுகளும் அலுவலகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். தை முதல் வெள்ளியிலிருந்து பள்ளிவாசல் வாசலில் ஒரு கூடை இருக்கும். உங்கள் வீட்டுத் தேவைக்கு மேல் விளைந்ததை, ஒரு கைப்பிடி கறிவேப்பிலையானாலும், ஜும்ஆவுக்கு வரும்போது கொண்டுவந்து போடுங்கள். தொழுகை முடிந்து போகும்போது யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம். வசதியானவர்களும் எடுக்க வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள். அவர்கள் எடுத்தால்தான் மற்றவர்கள் கூச்சமில்லாமல் எடுப்பார்கள்.