பெருங்காட்டின் அடியில் ஏழை மண்

மரங்கள் வானளாவ நிற்கும் இடத்தில் மண்ணும் பொன்னாகத்தான் இருக்கும் என்பது உழவு தெரிந்தவர்களுக்கு இயல்பாகத் தோன்றும் எண்ணம். வயலில் பயிர் கருகருவென்று நின்றால் மண்ணைத்தானே மெச்சுகிறோம்! அதே கணக்கை மழைக்காட்டுக்கும் போட்டதால் பிறந்ததுதான், அமேசானை வெட்டித் திருத்தினால் அள்ளித் தரும் விளைநிலம் கிடைக்கும் என்ற நம்பிக்கை. அது தவறு. ஏறத்தாழ 16,000 வகை மரங்கள் இருப்பதாக மதிப்பிடப்படும் அந்தக் காட்டின் பெரும்பகுதி, அமிலம் மிகுந்து சத்துக் குறைந்த மண்ணில் நிற்கிறது. லட்சக்கணக்கான ஆண்டுகளாகக் கொட்டிய மழை, சுண்ணாம்பையும் சாம்பல் சத்தையும் கரைத்துக்கொண்டு போய்விட்டது. எஞ்சிய இரும்பும் அலுமினியமும், கொஞ்சநஞ்சம் இருக்கும் பாஸ்பரஸையும் இறுகப் பிடித்துக்கொள்கின்றன. பிரேசிலின் மனாஸ் நகருக்கு அருகே காட்டிலேயே உரம் இட்டுச் செய்த சோதனையின் முடிவு 2022-இல் வெளியானது. நைட்ரஜன் இட்டபோது காடு அசையவில்லை; பாஸ்பரஸ் இட்டபோது அதன் வளர்ச்சி கூடியது. அவ்வளவு பெரிய காடும் இந்தச் சத்துக்காக ஏங்கித்தான் நின்றிருக்கிறது.

பிறகு எதை உண்டு இந்த மரங்கள் வளர்கின்றன? மழைக்காடு ஓர் அன்றாடங்காய்ச்சி. இலை, கிளை, பழம், செத்த விலங்கு என்று அன்றன்று தரையில் விழுவதைக் கரையானும் பூஞ்சையும் உடனுக்குடன் சிதைக்கின்றன. தரையின் மேற்புறத்திலேயே பாய் விரித்ததுபோலப் பின்னிக் கிடக்கும் வேர்கள், கூட்டாளிப் பூஞ்சைகளின் துணையோடு அந்தச் சத்தை வாங்கிக்கொள்கின்றன. மண்ணுக்குள் அது இறங்குவதே அரிது. வெனிசுவேலாவின் ரியோ நீக்ரோ பகுதியில் நெல்லி ஸ்டார்க், கார்ல் ஜோர்டான் என்ற ஆய்வாளர்கள் கதிரியக்கக் குறியிட்ட கால்சியத்தையும் பாஸ்பரஸையும் இந்த வேர்ப்பாயின் மேல் தெளித்துப் பார்த்தார்கள். அதைத் தாண்டிக் கீழே கசிந்தது 0.1 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்று 1978-இல் எழுதினார்கள். இத்தனை சிக்கனத்திலும் ஆற்றோடு சிறிது போகத்தான் செய்கிறது. அதை ஈடுசெய்யும் வரவுகளில் ஒன்று அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலிருந்து வருகிறது. ஆப்பிரிக்காவில், சாட் நாட்டின் வறண்ட ஏரிப்படுகை முதலான சகாராப் பகுதிகளிலிருந்து காற்றில் வரும் தூசி, ஆண்டுக்குச் சுமார் 22,000 டன் பாஸ்பரஸை அமேசானில் இறக்குகிறது என்று 2015-இல் வெளியான செயற்கைக்கோள் ஆய்வு கணித்தது. ஆக, இந்தக் காட்டின் செல்வம் காலடியில் புதைந்து கிடக்கவில்லை. நிற்கும் மரங்களின் உடம்பிலேயே சுற்றிச் சுற்றி வருகிறது.

மரத்தை வெட்டி எரித்தால் அந்தச் செல்வம் சாம்பலாகி மண்ணில் விழும். இரண்டு மூன்று ஆண்டுகள் விளைச்சல் நன்றாகவே இருக்கும். அதைப் பார்த்துத்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பின்னர் மழை சாம்பலைக் கழுவிவிடும். காட்டுவாசி உழவர்கள் இதை அறிந்தே நிலத்தை மீண்டும் காட்டுக்கு விட்டு நகர்ந்தார்கள். பெருமுதலாளிகள்தான் அறியவில்லை. அமெரிக்கக் கப்பல் அதிபர் டேனியல் லுட்விக் 1967-இல் பிரேசிலின் அமேசான் பகுதியில் ஜாரி ஆற்றோரம் பெரும் நிலப்பரப்பை வாங்கி, நம் நாட்டுக் காடுகளிலும் வளரும் குமிழ் மரத்தைக் காகிதக் கூழுக்காக நட்டார். புல்டோசர்கள் காட்டோடு மெல்லிய மேல்மண்ணையும் வழித்தெடுத்து, மிச்ச மண்ணை இறுக்கின. மணற்பாங்கான இடங்களில் குமிழ் தேறாமல் பைன் மரத்துக்கு மாற வேண்டியதாயிற்று. 1982-இல் லுட்விக் திட்டத்தைக் கைவிட்டார். கடனும் அரசியலும் சேர்ந்துதான் அவரைத் தோற்கடித்தன என்பது சரியே. ஆனால் தோல்வி முதலில் தலைகாட்டியது மண்ணில்தான்.

இன்று பிரேசிலில் காடு அழிந்த நிலத்திலும் சோயா அமோகமாக விளைகிறதே என்று கேட்கலாம். விளைகிறது, சுண்ணாம்பும் பாஸ்பேட்டும் கொட்டுவதால். அந்த நாடு தன் உரத் தேவையின் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறது. அங்கே வளம் வருவது உர மூட்டையிலிருந்து. அமேசானில் நல்ல மண்ணே இல்லையா என்றால், இருக்கிறது. ஆண்டீஸ் மலையின் வண்டலைச் சுமந்துவரும் ஆறுகளின் வெள்ளச் சமவெளியும், மலையடிவாரத்தின் இளம் மண்ணும் சத்துள்ளவை. ஆனால் அந்த வண்டலைப் பார்த்துவிட்டு, வெள்ளம் எட்டாத மேட்டுக் காட்டையும் எடைபோடுவதில்தான் பிழை நேர்கிறது. பழங்குடிகளின் கருமண் இதைவிட வலுவான எதிர்வாதம். அமேசானில் ஆங்காங்கே கிடைக்கும் அந்த மண், கரியும் எலும்பும் பானையோடுகளும் குப்பையும் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து உருவானது. கைவிடப்பட்டுப் பல நூற்றாண்டுகள் ஆகியும் இன்னும் விளைகிறது. அது மனிதக் குடியிருப்பு உண்டாக்கிய வளம், காடு தந்ததல்ல. அந்தத் திட்டுகளை விட்டு வெளியே சில அடி தோண்டினாலே பழைய வெளிறிய மஞ்சள் களிமண் தென்பட்டுவிடும்.