தொழுநோயும் பாடசாலைப் பிள்ளையும்: ஒதுக்கும் பழக்கத்தை மறக்கக் கற்போம்

மட்டக்களப்பு வாவிக்குள் மாந்தீவு என்றொரு சிறு தீவு இருக்கிறது. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், அங்கே தொழுநோயாளருக்கென ஒரு வைத்தியசாலை அமைக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1708ஆம் ஆண்டில், ஒல்லாந்தர் கொழும்புக்கு அருகே ஹெந்தளையில் இதேபோன்ற வைத்தியசாலை ஒன்றைத் தொடங்கியிருந்தனர். நோயாளரைப் பிரித்து வைப்பதற்காக 1901இல் ஒரு சட்டமும் வந்தது. அந்நாளில் இந்நோய்க்குச் சரியான மருந்து இருக்கவில்லை. ஆகவே, பிரித்து வைப்பதே வழி என்று அதிகாரிகள் எண்ணினார்கள்.

ஆனால், நாலு புறமும் தண்ணீர் சூழ்ந்த ஓரிடத்தில் நோயாளரைக் கொண்டுபோய் விட்டால், இக்கரையில் நிற்கும் ஊர் என்ன பாடத்தைப் படிக்கும்? “இந்த நோய் வந்தவர் எம்முடன் இருக்கத் தகாதவர்” என்ற பாடத்தைத்தான். இன்று மருந்து இருக்கிறது. நோய் முற்றாகக் குணமாகிறது. ஆனாலும் அந்தப் பழைய பாடம் எமது வீடுகளிலும் வகுப்பறைகளிலும் இன்னும் படிக்கப்படுகிறது. அதனால் அதிகம் பாதிக்கப்படுவது பாடசாலைக்குச் செல்லும் பிள்ளைகள்தான்.

நோயைப் பற்றி அறிந்திருக்க வேண்டியவை

தொழுநோய் சாபத்தால் வருவதில்லை, முன்வினையாலும் வருவதில்லை, பரம்பரை நோயும் அல்ல. இது ஒரு கிருமியால் வருகிறது. அந்தக் கிருமியை நோர்வே நாட்டு வைத்தியர் ஹன்சன் 1873இல் கண்டறிந்தார். வேதாகமத்தில் ‘குஷ்டம்’ என்று மொழிபெயர்க்கப்பட்ட சொல்லும் இந்த ஒரு நோயை மட்டும் குறிப்பதல்ல. லேவியர் ஆகமத்தில் பலவகைத் தோல் நோய்களுக்கும், துணியிலும் வீட்டுச் சுவரிலும் படியும் பூஞ்சணத்துக்கும் கூட அச்சொல்லே வருகிறது. ஆகவே, வேத வசனத்தைக் காட்டி ஒரு பிள்ளையைத் தள்ளிவைப்பதற்கு இடமில்லை.

மருந்து எடுக்காத நோயாளரின் மூச்சு, இருமல், தும்மல் வழியாகக் கிருமி பரவுகிறது. அதற்கும் நீண்டகாலம் நெருங்கிப் பழகவேண்டும். நூறு பேரில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் இக்கிருமியை எதிர்க்கும் சக்தி இயற்கையாகவே உண்டு. கிருமி உடலுக்குள் சென்ற பின் அடையாளம் தெரிவதற்குச் சராசரியாக 5 ஆண்டுகள் செல்லும். சிலருக்கு 20 ஆண்டுகளும் ஆகலாம். ஆகவே “யாரிடமிருந்து தொற்றியது?” என்று அயலில் ஆள் தேடுவது வீண் வேலை. அது பகையை வளர்க்குமே தவிர நோயை நீக்காது.

முதல் அடையாளம் பெரும்பாலும் தோலில் தோன்றும் வெளிறிய அல்லது சற்றுச் சிவந்த படை. அது அரிக்காது, நோகாது. அந்த இடத்தில் தொடு உணர்ச்சி குறைந்திருக்கலாம். பிள்ளைகளுக்கு வரும் எல்லா வெளிறிய படைகளும் தொழுநோய் அல்ல. அநேகமானவை சாதாரண தேமலே. ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியர். “தேமல்தானே, தானாகப் போகும்” என்று மாதக்கணக்கில் விடுவதும், “பெருநோய்” என்று பயந்து மூடி மறைப்பதும் இரண்டுமே தவறு.

உலக சுகாதார நிறுவனம் 1981இல் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. இலங்கையில் அது 1983இல் தொடங்கியது. படைகள் ஐந்து வரை இருந்தால் 6 மாதமும், அதற்கு மேல் இருந்தால் 12 மாதமும் மருந்து எடுக்க வேண்டும். மருந்து இலவசம். சிகிச்சை தொடங்கிச் சில நாட்களுக்குள்ளேயே மற்றவருக்குத் தொற்றும் தன்மை நீங்கிவிடுகிறது. ஆகவே மருந்து எடுக்கும் பிள்ளை பாடசாலைக்குப் போகலாம், விளையாடலாம், மற்றப் பிள்ளைகளுடன் ஒன்றாக இருந்து சாப்பிடலாம். தனிக் கோப்பை, தனிப் பாய் தேவையில்லை.

1995இல் இலங்கை, பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளர் என்ற அளவுக்குக் கீழே நோயைக் குறைத்தது. ஆனால் நோய் அத்துடன் முடிந்துவிடவில்லை. அதன் பின்னரும் நாட்டில் ஆண்டுதோறும் புதிய நோயாளர் கண்டறியப்பட்டு வந்துள்ளனர். அவர்களுள் சிறுவரும் உண்டு. நோய் கூடுதலாகக் காணப்படும் மாவட்டங்களுள் மட்டக்களப்பும் ஒன்றாக இருந்து வருகிறது.

ஒதுக்குவதும் ஒதுங்குவதும் கற்றுக்கொண்டவையே

நான்சி வக்ஸ்லர் என்ற சமூகவியல் ஆய்வாளர் 1981இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ‘தொழுநோயாளியாக இருக்கக் கற்றுக்கொள்ளுதல்’ என்பது அதன் தலைப்பின் பொருள். அவர் இலங்கை உட்படப் பல நாடுகளை ஒப்பிட்டுப் பார்த்தார். எல்லா இடத்திலும் கிருமி ஒன்றே. ஆனால் மக்கள் நோயாளரை நடத்தும் விதம் நாட்டுக்கு நாடு வேறுபட்டது. நோயாளர் தம்மை நடத்திக்கொள்ளும் விதமும் அப்படியே வேறுபட்டது. ஒதுக்கும் பழக்கம் நோயிலிருந்து பிறப்பதல்ல, அந்தந்தச் சமூகம் கற்றுக்கொடுப்பது என்பதே அவர் எடுத்துக்காட்டிய உண்மை.

ஹவாய்த் தீவுகளை எடுத்துக்கொள்வோம். பின்னாளில் தமியான் அடிகளார் பணிபுரிந்து உயிர்நீத்த மொலோகாய்த் தீவுக்கு 1866 முதல் அரசு நோயாளரை அனுப்பத் தொடங்கியது. ஆனால் அங்குள்ள பூர்வீக மக்களுக்குத் தமது நோயாளர்மேல் வெறுப்பு இருக்கவில்லை. கணவன் போனால் மனைவியும், பிள்ளை போனால் தாயும் உடன் போனார்கள். ஒதுக்கும் வழக்கம் அவர்களுக்கு வெளியிலிருந்து வந்து சேர்ந்ததே.

இது எமக்கு நல்ல செய்தி. பிறவியில் வந்த குணத்தை மாற்றுவது கடினம். கற்றுக்கொண்ட பழக்கத்தையோ விட்டுவிடலாம். 1990 அளவில் இலங்கைச் சுகாதார அமைச்சு “தொழுநோய் குணமாகும்” என்பதை வானொலி, தொலைக்காட்சி, சுவரொட்டி வழியாக நாடெங்கும் சொல்லிற்று. அதன் பயனாக, மறைந்திருந்த பலர் தாமாகவே சிகிச்சைக்கு வந்தனர். இந்தோனேசியாவின் சிரெபோன் பகுதியில் 2010க்குப் பின் நடந்த ஒரு ஆய்வில் மூன்று வழிகளைக் கையாண்டு பார்த்தனர்: நோயாளருக்கு உளவளத்துணை அளிப்பது, குணமானவர்களை ஊர்க் கூட்டங்களில் பேசச் செய்வது, சிறு தொழிலுக்கு உதவுவது. மூன்று வழிகளாலும் ஒதுக்கும் பழக்கம் குறைந்ததென்று கண்டனர்.

வகுப்பறையில் நடக்கும் மற்றப் பாடம்

ஒரு பிள்ளைக்கு நோய் இருப்பது தெரியவந்த வீட்டை எண்ணிப் பாருங்கள். தாய் கதவைச் சாத்திவிட்டுக் கதைக்கிறாள். “ஒருவருக்கும் சொல்லாதே” என்கிறாள். அன்பினால்தான் சொல்கிறாள். ஆனால் பிள்ளை அதிலிருந்து படிப்பது வேறு: “என்னில் வெட்கப்பட வேண்டிய ஒன்று இருக்கிறது.” அன்றிலிருந்து பிள்ளை பின்வாங்கில் போய் உட்காருகிறது. கையை உயர்த்திப் பதில் சொல்வதில்லை. விளையாட்டு நேரத்தில் ஒதுங்கி நிற்கிறது. கிளினிக் நாளுக்குப் பொய்க் காரணம் சொல்கிறது. பயத்தைச் சுமந்துகொண்டு இருக்கும் மனதில் கணக்கும் ஏறாது, தமிழும் ஏறாது. பிறகு “பிள்ளைக்குப் படிப்பு வராது” என்று நாம் முடிவு கட்டுகிறோம். பிள்ளையின் அறிவில் குறைவில்லை; அதன் மனப்பாரந்தான் தடை.

மறைத்தலில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மறைத்தால் சிகிச்சை பிந்தும். பிந்தினால் நரம்பு பழுதாகும். நரம்பு பழுதானால் கை விரல் மடங்கும், கால் மரக்கும், மரத்த காலில் புண் வரும். இப்படி வரும் ஊனத்தைக் கண்டே ஊர் மேலும் பயப்படுகிறது. அந்தப் பயத்தால் அடுத்த நோயாளரும் மறைக்கிறார். நோயைக் காட்டிலும் பயமே ஊனத்தை வளர்க்கும் இந்தச் சுழலை எங்கேயாவது ஓரிடத்தில் அறுக்க வேண்டும்.

பெற்றோர் செய்யக்கூடியவை

1. பிள்ளைக்கு உண்மையைச் சொல்லுங்கள். “இது ஒரு கிருமி நோய். மருந்து முடிய நோயும் முடியும். நீ ஒரு பிழையும் செய்யவில்லை.” இந்த மூன்று வசனமும் போதும்.

2. மற்றப் பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். ஒரு வகை மருந்து தோலைக் கருமையாக்கும். மருந்தை நிறுத்திய பின் அது படிப்படியாகக் குறையும். மாதத்தில் ஒருமுறை எடுக்கும் மருந்தால் அன்று சிறுநீர் சிவந்து போகும். பயப்பட வேண்டாம். “தோலுக்கு மருந்து எடுக்கிறேன், அதனால் கறுத்திருக்கிறது” என்று பிள்ளை தலைநிமிர்ந்து சொல்லட்டும்.

3. பிள்ளையைக் குறுக்குக் கேள்வி கேட்டு மனதைத் திறக்க முடியாது. போரினால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்காக 1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, களிமண், சித்திரம், கதை, நாடகம் வழியாகப் பிள்ளைகளின் மனதைத் தொட்டது. வீட்டிலும் இது இயலும். வரம்பில் நடக்கும்போதும், கூடச் சேர்ந்து வேலை செய்யும்போதும் பிள்ளை தானாகப் பேசும். அப்போது கேளுங்கள்.

4. வீட்டிலுள்ள எல்லோரையும் பரிசோதிக்கச் செய்யுங்கள்.

5. மருந்து எடுக்கும் காலத்தில் படை சிவந்து வீங்கினாலோ, கை கால் நரம்பு நொந்தாலோ, கண் சிவந்தாலோ மருந்தை நிறுத்தாமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். தாமதித்தால் ஊனம் வரலாம்.

6. உணர்ச்சி குறைந்த கையும் காலும் உள்ளவர் வயலில் கவனமாக இருக்கவேண்டும். செருப்பின்றி அடிக்கட்டையில் நடக்கவேண்டாம். சூடான பானையைத் துணி பிடித்தே தூக்கவேண்டும். ஒவ்வொரு மாலையும் கால் கழுவி, அடிப்பாதத்தைப் பார்க்கவேண்டும்.

ஆசிரியரும் அயலவரும்

ஆசிரியரே, பிள்ளையின் நோயை வகுப்பில் அறிவிக்க வேண்டாம். ஆனால் சுகாதாரப் பாடத்தில் தொழுநோய் பற்றி எல்லாப் பிள்ளைகளுக்கும் தெளிவாகப் படிப்பியுங்கள். கிளினிக் நாளில் தவறிய பாடத்தைத் திரும்பச் சொல்லிக்கொடுங்கள். நோயைக் காட்டிப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்ப எவருக்கும் உரிமையில்லை. 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயமென்பது இந்த நாட்டின் விதி.

அயலவரே, அந்த வீட்டில் ஒரு வாய் தேநீர் குடியுங்கள். நூறு பேச்சு செய்யாததை அது செய்யும்.

இடம்பெயரும் காலத்தில்

எமது மக்கள் 1990இலும், 2004 கடல்கோளின் போதும், 2006–2007இல் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் இடம்பெயர்ந்தனர். இப்படியான வேளைகளில் நெருக்கமான கொட்டில்களில் ஒதுக்குதல் இரட்டிப்பாகிறது. இடம்பெயர்ந்தவர் என்பது ஒரு வடு. நோயாளர் என்பது இன்னொரு வடு. தெரியாத ஊரில் நோயைச் சொல்லப் பயந்து மருந்தைப் பாதியில் விட்டுவிடுபவரும் உண்டு.

ஆகவே, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பாடசாலை விடுகைப் பத்திரம் ஆகியவற்றுடன் கிளினிக் அட்டையையும் ஒரே பையில் வையுங்கள். அட்டை தொலைந்தாலும் கவலையில்லை. மாத்திரை அட்டையின் வெறும் உறையைக் காட்டினாலும் வைத்தியர் அறிந்துகொள்வார். போய்ச்சேர்ந்த இடத்தில் குடும்ப நல உத்தியோகத்தரிடமோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ முதல் கிழமையிலேயே சொல்லுங்கள். பெரிய வைத்தியசாலைகளின் தோல் நோய்ச் சிகிச்சைப் பிரிவில் இந்த மருந்தைப் பெறலாம்.

விதை நெல்லில் கலந்த களை விதையை நாம் வைத்திருப்பதில்லை; பிடைத்து நீக்கிவிட்டே விதைக்கிறோம். எமது பெரியவர்கள் எமக்குத் தந்த நல்ல பழக்கங்களோடு இந்த ஒதுக்கும் பழக்கமும் கலந்து வந்துவிட்டது. பிள்ளைகளின் கையில் கொடுக்கும் முன் அதை நீக்கிவிடுவோம்.

சங்கக் கூட்டத்தில் கலந்துரையாட

1. தொழுநோய் பற்றி நீங்கள் சிறுவயதில் கேட்டவை எவை? அவற்றுள் எவை உண்மை, எவை பொய்?

2. எமது கிராமத்தில் ஒரு பிள்ளைக்கு நோய் வந்தால், அதன் குடும்பம் முதலில் யாரிடம் சொல்லத் துணியும்? ஏன்?

3. குணமான ஒருவர் விரும்பினால், எமது மாதர் சங்கத்திலோ கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ வந்து பேச என்ன ஒழுங்கு செய்யலாம்?

4. வலிப்பு, மனநோய், கசநோய் உள்ளவர்களையும் நாம் இப்படி ஒதுக்குகிறோமா? அடுத்த கூட்டத்துக்கு முன் ஒவ்வொருவரும் மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரு செயலைச் சொல்லுங்கள்.