வயற்காவலுக்குத் தானியங்கிக் காமிரா
திருமலைராயன்பட்டினம் போன்ற கடலோரக் கிராமங்களில், இரவில் பயிரை அழித்தது காட்டுப்பன்றியா, கட்டவிழ்ந்த மாடா என்று அறியாமல் வேலிக்குச் செய்யும் செலவு வீணாகும். இதனை அறியத் தானியங்கிக் காமிரா உதவும். 2018-19-ஆம் வருஷப் புலிக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 26,838 இடங்களில் இவை வைக்கப்பட்டன.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை:

1. உப்புக்காற்றே முதற் சத்துரு. ஆகையால் மூடியின் ரப்பர் வளையம் இடைவெளியின்றிப் பொருந்துதல் அவசியம்.

2. விலங்கின் உடற்சூட்டை உணர்ந்ததும் கருவி உடனே படமெடுக்க வேண்டும். தாமதித்தால் வெறும் வயலே பதிவாகும்.

3. லிதியம் மின்கலம் நெடுநாள் உழைக்கும். சாதாரண மின்கலம் ஒழுகித் தகடுகளை அரிக்கக்கூடும்.

முழங்கால் உயரத்தில், வெயில் நேரே படாதபடி வடக்கு நோக்கிக் கட்டி, முன்னுள்ள புல்லை அறுத்துவிடுக. வாரந்தோறும் நன்னீரில் நனைத்த துணியால் உப்புப்படிவைத் துடைப்பின், கருவி நீடித்து உழைக்கும்.