ரெட் அலர்ட் வந்தால் தூங்காதவர்கள்

காலநிலை மாற்றத்தை எண்ணி மனம் கலங்குவதற்குக் 'காலநிலைப் பதற்றம்' என்று பெயர் வைத்து இன்னும் அதிக காலம் ஆகவில்லை. அதற்குள் அதைச் சுற்றித் தப்பெண்ணங்கள் மண்டிவிட்டன.

நம்பிக்கை: இது வயிறு நிறைந்தவர்களின் கவலை. ஸ்வீடன் பிள்ளைகளுக்கு வரலாம், நமக்கு எதற்கு?

2021இல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வெளியான ஆய்வு, பத்து நாடுகளில் 16 முதல் 25 வயது வரையிலான 10,000 பேரிடம் இதைப் பற்றிக் கேட்டது. கடுமையான கவலையில் இருப்பதாகச் சொன்னவர்கள் 59 சதவீதம். அந்தக் கவலை தூக்கம், சாப்பாடு, படிப்பு என்று அன்றாட வாழ்க்கையையே கெடுக்கிறது என்றவர்கள் 45 சதவீதத்துக்கும் மேல். இந்த இரண்டாவது விஷயத்தில் முன்னால் நின்ற நாடுகள் இந்தியா, பிலிப்பைன்ஸ், நைஜீரியா. ஐரோப்பா பின்னால்தான் வந்தது. ஆய்வு இணையவழியில் நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கையில் போனும் அதில் டேட்டாவும் இருப்பவர்களின் பதில்கள் இவை. கடலோரக் குப்பத்துப் பிள்ளையிடம் இந்தக் கேள்வி போய்ச் சேர்ந்திருக்க வாய்ப்பு குறைவு.

நம்பிக்கை: எல்லாம் டிவியும் வாட்ஸ்அப்பும் பார்க்கிற வேலை. செய்தி பார்ப்பதை நிறுத்தினால் சரியாகிவிடும்.

கொஞ்சம் சரிதான். படுக்கையில் கிடந்தபடி வெள்ளம், காட்டுத்தீ வீடியோக்களை நள்ளிரவு வரை தள்ளிக்கொண்டிருந்தால் யாருக்கும் மனசு கெடும். ஆனால் 2015 டிசம்பர் தொடக்கத்தில் சென்னையை அடுத்த தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியபோது, அடையாற்று வெள்ளம் வீட்டுக்குள் ஏறி வந்ததைப் பார்த்தவருக்கு டிவி வந்து பயம் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ரெட் அலர்ட் என்றதும் வேளச்சேரிக்காரர்கள் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்துவதைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பதுண்டு. எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்த பிறகு தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்களும் சிரிக்க மாட்டார்கள்.

நேரில் பட்டால் பயம் கூடுமா என்பதைக் கனடாவில் அளக்கவே முடிந்தது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் மக்களின் காலநிலைப் பதற்றத்தை ஆய்வாளர்கள் அளந்து முடித்த கொஞ்ச காலத்தில், 2021 ஜூன் கடைசியில், வரலாறு காணாத வெப்ப அலை வந்தது. லிட்டன் என்ற சிற்றூரில் 49.6 டிகிரி செல்சியஸ். மறுநாள் அந்த ஊரே தீயில் எரிந்துபோனது. வெப்பம் தணிந்த பிறகு மீண்டும் அளந்தபோது மாகாணத்தின் சராசரிப் பதற்ற மதிப்பெண் 13 சதவீதம் கூடியிருந்தது.

காலநிலைப் பாதிப்பு எல்லோருக்கும் பதற்றமாகவே வருவதுமில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப்போட்டது. வைத்த கன்று காய்ப்புக்கு வர ஐந்தாறு வருடமாவது ஆகும். கடன் தவணை அதுவரை காத்திருக்காது. அந்தத் தோப்புக்காரரின் மனதில் இருப்பது இழவு வீட்டுத் துக்கம். இந்தியாவில் பயிர்க்காலத்தில் வெப்பம் கூடும்போது தற்கொலைகளும் கூடுவதாக 2017இல் ஆய்வாளர் தமா கார்ல்டன் காட்டினார். பயிர் இல்லாத மாதங்களில் அதே வெப்பத்துக்கு அந்த விளைவு இல்லை. அவர் சொன்ன மொத்த எண்ணிக்கையைப் பற்றி விமர்சனம் எழுந்தது உண்மைதான். ஆனாலும் வயல் காய்வதற்கும் மனம் உடைவதற்கும் உள்ள தொடர்பைக் காவிரி டெல்டாவில் யாரும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழை பாதிக்கு மேல் பொய்த்த 2016ஐ அங்கே யாரும் மறந்துவிடவில்லை.

நம்பிக்கை: இது ஒரு மனநோய்.

இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டிலும் இதற்குத் தனி இடம் கிடையாது. உண்மையான ஆபத்தைப் பார்த்து மனம் பயப்படுவது அதன் இயல்பு. "நோய் இல்லையே" என்று தள்ளிவிடுவதும் ஆபத்து. வாரக்கணக்கில் தூக்கமில்லை, வேலை ஓடவில்லை, வாழ்வதில் அர்த்தமில்லை என்ற நினைப்பு வருகிறது என்றால், அதற்குக் காரணம் புயலா வேறொன்றா என்ற ஆராய்ச்சி அப்புறம். முதலில் உதவி கேளுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் 24 மணி நேரமும் இலவசமாக இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம்.

நம்பிக்கை: காலநிலை மாற்றத்தால் மனநலத்துக்கு வரும் கெடுதல் என்றால் கவலை மட்டும்தான்.

வெளியில் அதிகம் பேசப்படாத பக்கம் இது. அதே பிரிட்டிஷ் கொலம்பியா வெப்ப அலையில் 619 பேர் இறந்தார்கள். பிறகு கணக்குப் பார்த்தபோது, மக்கள்தொகையில் இருக்கும் விகிதத்தைவிடப் பல மடங்கு கூடுதலாக, இறந்தவர்களிடையே மனச்சிதைவு நோய் உள்ளவர்கள் இருந்தது தெரிந்தது. மனநோய்க்குத் தரும் சில மருந்துகள் வியர்ப்பதையும் உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்வதையும் குறைக்கும். லித்தியம் சாப்பிடுபவருக்கு நீர்ச்சத்து வற்றினால் மருந்தே ரத்தத்தில் விஷ அளவுக்கு ஏறலாம். தனியாக இருப்பவர் என்றால் தண்ணீர் எடுத்துக் கொடுக்கக்கூட ஆள் இருக்காது. அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது, அது இன்னும் பெரிய கேடு. பங்குனி பிறக்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கத்திரி வெயிலில் அப்படித் தனியாக இருப்பவரின் வீட்டுக் கதவை யாராவது தினம் ஒருமுறை தட்டட்டும்.

நம்பிக்கை: ஒரு மரம் நடு, மனசு லேசாகிவிடும்.

நடுங்கள், நிழலாவது கிடைக்கும். ஆனால் 2022இல் அமெரிக்க மாணவர்களிடம் நடந்த ஒரு சிறு ஆய்வில் வேறொன்று தெரிந்தது. காலநிலைப் பதற்றமும் மனச்சோர்வும் கைகோத்து வருவதைக் கூட்டுச் செயல்பாடு தளர்த்தியது. பிளாஸ்டிக்கைக் குறைப்பது போலத் தனியாளாகச் செய்பவை தளர்த்தவில்லை. மாணவர்கள் முந்நூறு பேருக்கும் குறைவு என்பதால் இதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். என்றாலும் தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து, ஐப்பசிக்கு முன் மழைநீர் வடிகாலைத் தூர்வாரச் சொல்லி வார்டு கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் நிற்பதற்கு ஆய்வு முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.