பொய்த்த சான்று

நோய்க்கிருமி உடலிற் புகின், வெண்குருதிக் கலங்களுட் சில பிறபொருளெதிரிகளை ஆக்கும். குருதியில் அவற்றைக் கண்டு வைரசுத் தொற்றை உணர்தல் மருத்துவர் வழக்கம். ஆயின், குருதிப் புற்றுநோயாளரிடத்து இச்சான்று பொய்த்தலும் உண்டு. பிறபொருளெதிரியை ஆக்கவேண்டிய கலங்களே நோயாலும் மருந்தாலும் நலிந்தமையால், வைரசு பெருகியிருப்பினும் சோதனை 'இல்லை' என்னும். காவலன் துயின்றால் கள்வன் வரவை யார் உரைப்பார்? பிறர் குருதியினின்று ஏற்றப்பட்ட பிறபொருளெதிரிகளோ இல்லாத தொற்றையும் உண்டெனக் காட்டும்.

ஆதலின், வைரசின் நியூக்கிளிக்கமிலத்தையே நேரே தேடுதல் வேண்டும். 1983இல் கேரி மல்லிசு கண்ட பொலிமரேசுச் சங்கிலித் தாக்கம் அதன் சிறு துணுக்கையும் பன்மடங்காக்கிக் காட்டும்.

ஈரலில் அடங்கிக்கிடந்த ஈரலழற்சி பி வைரசு, ரிற்றுக்சிமாப் என்னும் மருந்தின்பின் கிளர்ந்தெழுந்து உயிர் பறித்ததுண்டு. எனவே சிகிச்சை தொடங்குமுன்னரே சோதித்தல் கடன்.

மாணவர்காள், 'இல்லை' என்னும் விடை கிடைத்தவிடத்து, அதனை உரைத்த சாட்சி நலமுடையதோ என்றும் வினவுக.